அப்பாவின் கொழுப்பும் ஒன்பது மா நிலமும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ரத்தம் கொடுத்துக் காகிதம் வாங்கி வந்தவர் அப்பா. அந்தக் காகிதத்தைத் தப்பாகப் படித்தவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் யாராவது வீட்டுக்கு வந்து இந்தப் பேச்சு எழுந்தால், அம்மா கதையைப் பாதியில் நிறுத்தி, "படிச்சுச் சொன்னது யாருன்னு கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுகிறாள். அவள் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை.

அப்போது நான் நன்னிலம் தாலுக்கா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். அலுவலகத்தில் பாதிப் பேர் டிவி டோக்கன் வேலைக்குப் போய்விட்டதால், யாரும் தொடாத நில உச்சவரம்புக் கோப்புகள் என் மேசையில் வந்து குவிந்தன. ஒரு குடும்பம் இவ்வளவு ஏக்கர் வரை நிலம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேலே இருந்தால் மிகை, அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். நாள் முழுவதும் எனக்கு ஒரே வேலை. ஒரு பத்தியில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும், பக்கத்துப் பத்தியில் இருக்கும் வரம்பைப் பார்க்க வேண்டும், எண் குறைவாக இருந்தால் பென்சிலால் ஒரு டிக் போட வேண்டும். இரண்டு வருடம் இதையே செய்தால் கண் அதற்கே பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது.

அப்பா குத்தகை விவசாயி. ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. நிலத்துக்காரர் கும்பகோணத்தில் இருந்தார். ஊரில் எல்லோரும் அவரை மிராசு என்றுதான் சொல்வார்கள். சொந்தச் சாகுபடி செய்யப்போகிறேன், குத்தகைக்காரர் வெளியேற வேண்டும் என்று அவர் ரெவின்யூ கோர்ட்டில் வழக்குப் போட்டுப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் ஆட்சி மூன்று முறை மாறிவிட்டது. காவிரியில் தண்ணீர் வந்தது, வராமல் போனது, அளவுக்கு மீறியும் வந்தது. வழக்கு மட்டும் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு மாற்றம் என்னவென்றால், வழக்குக்கு முன்னால் மிராசு அப்பாவை "வாப்பா, போப்பா" என்பார், அப்பா அவரை "ஐயா" என்பார். வழக்கு வந்த பிறகு இரண்டு பேரும் "வாங்க, போங்க" ஆகிவிட்டார்கள். இந்தக் கேஸில் நமக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று அம்மா சொல்வாள்.

ஆளுங்கட்சித் தலைவரின் பிறந்தநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள், மூக்குக்கண்ணாடியும் தருவதாகச் சொன்னார்கள். அப்பா எதிர்க்கட்சி. ஆனாலும் கண்ணாடி எல்லாக் கட்சிக்கும் பொது என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றார். கண்ணாடி கிடைக்கவில்லை, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டார்கள். நிறைய இருந்ததாம். ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று டாக்டர் கேட்டதற்கு, "கட்டுக் கணக்கா, தனித்தனியாவா?" என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார். டாக்டர் உடனே திருவாரூரில் கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கொழுப்பு இருக்கான்னு பாக்க ரத்தம் எதுக்கு எடுக்கணும்? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா.

உடனே போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தால் அவர் என் அப்பா இல்லை. பத்து நாள் தள்ளிப் போட்டார். அந்தப் பத்து நாளும் கஞ்சி, கீரை, மோர் தவிர எதையும் தொடவில்லை. கருவாட்டு வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரிய பண்ணைக்காரர்கள் நிலத்தை மாமன், மச்சான் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு, அதிகாரி வரும்போது இரண்டு மாவுக்குச் சொந்தக்காரர் மாதிரி பரிதாபமாக நின்ற கதைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்தப் பண்ணைக்காரர்களைத் திட்டிக்கொண்டே வளர்ந்த அப்பா, அதே வேலையைத் தன் உடம்புக்குச் செய்தார். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டியதைக் காட்டினால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். பீடி மட்டும் நிற்கவில்லை. பீடி ரத்தத்தில் தெரியாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

காகிதம் வந்த அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், அப்பா அதை என்னிடம் நீட்டினார். கோர்ட் உத்தரவைப் படிக்கக் கொடுக்கும் அதே பணிவு. நானும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்துகொண்டு பென்சிலை எடுத்தேன்.

"மொத்தக் கொலஸ்ட்ரால் 188. வரம்பு 200. உள்ள இருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"எல்.டி.எல். 115. வரம்பு 130. உள்ள. எச்.டி.எல். 31. வரம்பு 40." எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லாவே உள்ள இருக்குப்பா."

அந்த 40-க்கு முன்னால் சின்னதாக ஒரு குறி அச்சாகியிருந்தது. எங்கள் கோப்புகளில் எண்களுக்கு முன்னால் குறி எதுவும் இருக்காது, கரப்பான்பூச்சி நடந்த தடம் வேண்டுமானால் இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"டிரைகிளிசரைடு 210. வரம்பு 150. இது ஒண்ணு மட்டும் மிகை."

"இருந்துட்டுப் போவட்டும். எல்லார்கிட்டயும் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும். வேணும்னா கவர்மெண்டு வந்து எடுத்துக்கட்டும்" என்றார் அப்பா.

சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டலாம் என்றால், முகாம் ஒரு நாள் முகாம். அவர் எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது. டாக்டர் எதற்கு, தாலுக்கா ஆபீஸே பார்த்துச் சொல்லிவிட்டது என்று அப்பா அந்த விஷயத்தை முடித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, தலைக்கறி, ரத்தப் பொரியல் என்று பத்து நாள் பாக்கியை ஒரே வேளையில் தீர்த்தார். காகிதத்தை நன்னிலத்துக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டார். அம்மா அவருடைய வயிற்றைப் பற்றியோ பீடியைப் பற்றியோ வாயைத் திறந்தால் அந்தப் பளபளப்பு அட்டை வெளியே வரும். வாய்க்கால் கரை ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதையும், இடது தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவதையும் அம்மா சொன்னாள். பூச்சிமருந்து டேங்க்கைச் சுமந்த தோள் வலிக்கத்தான் செய்யும், மூச்சு வாங்குவது வாயு என்று அவர் சொன்னார். என்னைக் கேட்டார்கள். நானும் அட்டையைப் பார்த்துவிட்டு வாயுதான் என்றேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாய்தாவுக்கு நான் லீவு போட்டுக்கொண்டு அப்பாவோடு திருவாரூர் போனேன். கோர்ட் வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சு. பதினான்கு வருடமாக வாதியும் பிரதிவாதியும் அதில்தான் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு குடையை வைத்துக்கொண்டு. அன்றைக்கு மிராசு சட்டை தொளதொளக்க, முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உடம்புக்கு முடியலீங்களா?" என்றார் அப்பா.

"வெளிநாட்டுலேர்ந்து பையன் சொன்னான்னு ரத்தம் கொடுத்தேங்க. கொலஸ்ட்ரால் 236. வீட்டுல ஓட்ஸ் கஞ்சிதான் ஊத்துறாங்க. அவிச்ச கொத்தவரங்கா. ஒரு மாசமா நாக்கு செத்துப் போச்சு."

அப்பா குடையை எடுத்துக் கீழே வைத்தார். அட்டையை வெளியே எடுத்தார். வழக்கில் அவருக்கு அதுவரை கிடைக்காத தீர்ப்பு அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

"எனக்கு 188" என்றார்.

மிராசு அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பீடி குடிக்கிறீங்க. கறி திங்கிறீங்க. எப்படிங்க இது?"

"உழைக்கிற உடம்புங்க" என்றார் அப்பா. உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் சொல்வார்களே, அந்தக் குரல்.

தன்னுடைய டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்று மிராசு அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அப்பா தாராளமாகக் கொடுத்தார். ஊர் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே இரக்கம். "பாவம், ரொம்ப நாள் தாங்க மாட்டாரு. கேஸ்ல கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போவமா?" என்று என்னிடம் யோசனை கேட்டார். அந்த வாரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து மிராசு வீட்டுக்குக் கொள்ளுப்பொடிகூட அனுப்பினார். சாகப்போகிறவரிடம் கோபம் எதற்கு என்றார்.

இருபது நாள் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் மிராசின் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. வழக்குப் போட்ட பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. நான் அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்தேன். அப்பா அப்போதுதான் வயலிலிருந்து வந்து, தோளைத் தேய்த்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மிராசு உட்காரவில்லை.

"தஞ்சாவூர்ல பெரிய டாக்டர். டோக்கன் போட்டு மூணு மணி நேரம் காத்துக் கிடந்தது நானு. அவர் என் பேப்பரை ஒரு பார்வை பாத்துட்டு ஓரமா வெச்சுட்டாருங்க. உங்க ஜெராக்ஸைக் கையில எடுத்தவர் கீழ வெக்கவே இல்ல. யார் இவர், வயசென்ன, பீடியா, பிரஷரா, கூடப் பொறந்தவங்களுக்கு எப்படின்னு உங்களைப் பத்தியே கேக்குறாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். உங்க அண்ணன் களத்துல நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்ததையும் சொன்னேன். உடனே அழைச்சிட்டு வாங்கங்கிறாரு."

அவர் குரலில் கவலை பாதி என்றால், தன் முறையை இன்னொருவர் பிடுங்கிக்கொண்ட ஆத்திரம் பாதி. ஜெராக்ஸை நீட்டினார். 31 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"இது குறையக் கூடாதாம். நாப்பதுக்கு மேல இருக்கணுமாம்."

நான் வாங்கிப் பார்த்தேன். கரப்பான் தடம் என்று நினைத்தேனே, அந்தக் குறியையும் சேர்த்து டாக்டர் வட்டம் போட்டிருந்தார். அது இதற்கு மேல் என்று சொல்லும் குறி. மற்ற மூன்று வரியிலும் இருந்தது உச்சவரம்பு, இந்த ஒரு வரியில் மட்டும் அது அடிவரம்பு. பி.எஸ்சி. படித்திருக்கிறேன், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன், அப்பா உயிர் போகிற எண்ணுக்கு டிக் போட்டிருக்கிறேன்.

அப்பா அசையவில்லை. "வெள்ளிக்கிழமை வாய்தா. என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டு, ஆள் வரலன்னு எக்ஸ்பார்ட்டி ஆர்டர் வாங்கப் பாக்குறாரு. இது தெரியாதா எனக்கு?" என்று மிராசை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "நீ சொல்லும்மா. அது உள்ள இருக்குன்னுதானே சொன்ன?"

"நான் தப்பாப் படிச்சிட்டேன்ப்பா."

"தாலுக்கா ஆபீஸ்ல தப்பாப் படிப்பாங்களா?"

எங்கள் அலுவலகத்தைப் பற்றி அப்படிக் கேட்ட மனிதர் இந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தைத்தான் காட்டினேன். "படிப்பாங்க! தினமும் படிப்பாங்க! நானே படிச்சிருக்கேன்! எழுந்து கார்ல ஏறுங்க!" என்று கத்தினேன். அப்பாவை நான் அதுவரை அப்படி அதட்டியதில்லை.

அவர் ஏறவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை வாதியே வாய்தா கேட்பதாகவும், பிரதிவாதி வராததை வைத்து எந்த உத்தரவும் கோரப் போவதில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் வருகிறேன் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொருள், பார்வை என்று முறைப்படி தலைப்பெல்லாம் போட்டு எழுதினேன். மிராசு காரின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மாரடைப்பு வரப்போகிறவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒப்பந்தம் எழுதிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூரில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டார்கள். நாலு நிமிடத்தில் அப்பாவுக்குத் தோளில் வலி வந்து, டாக்டர் நிறுத்திவிட்டார். மொத்தம் 188 என்று அப்பா நினைவுபடுத்தினார். டாக்டர் பொறுமைசாலி. மொத்தத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதற்குள் எது எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார். எல்.டி.எல். ரத்தக்குழாயில் கொழுப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது, எச்.டி.எல். அதை அள்ளிக்கொண்டு போய் வெளியேற்றுவது என்றார்.

அப்பா சற்று யோசித்தார். "அப்ப ஒண்ணு வாய்க்கா, ஒண்ணு வடிகாலுங்களா?"

"அப்படியே வெச்சுக்குங்க."

"எனக்கு வடிகால் தூந்து போச்சு." முகாமிலிருந்து அன்றுவரை யார் சொல்லியும் ஏறாதது அந்த இடத்தில் ஏறிவிட்டது. வடிகால் தூர்ந்த வயல் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடிகால் மட்டும் கணக்கில்லை என்றார் டாக்டர். பீடி, பிரஷர், வயது, அண்ணன் போன விதம், வயிற்றுச் சதை எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால்தான் ஆபத்து எவ்வளவு என்று தெரியும். அப்பாவுக்கு எல்லாமே கூடிவிட்டிருந்தது, போதாததற்கு வலியும் வந்துவிட்டது. அன்றே படுக்க வேண்டும், காலையில் ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்றார்.

"அப்ப என்னோட 236?" என்று மிராசு பின்னாலிருந்து கேட்டார்.

"உங்களுக்கு எச்.டி.எல். 62 இருக்கு. பீடி, சிகரெட் இல்ல, பிரஷர் இல்ல, சர்க்கரை இல்ல. எல்.டி.எல். கொஞ்சம் கூடத்தான். சாப்பாட்டைப் பாத்துக்கிட்டு நடங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

"ஓட்ஸை நிறுத்தலாங்களா?"

"பிடிக்கலன்னா கேழ்வரகு சாப்பிடுங்க" என்றார் டாக்டர். மிராசின் முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

மறுநாள் காலை ஆஞ்சியோ அறைக்கு வெளியே காத்திருந்தோம். வீடு திரும்பியிருக்க வேண்டிய மிராசும் அங்கேதான் இருந்தார். அப்பா பச்சை அங்கியில், மடியில் ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் பதினான்கு வருட வழக்குக் காகிதங்கள், அத்தனையும் அசல். வீட்டில் விட்டுவிட்டு வர அவருக்கு மனம் இல்லை. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குத்தகை உரிமை வாரிசுக்குப் போக வேண்டுமென்றால் வாரிசு தன் உடம்பால் வயலில் உழைக்க வேண்டும். அம்மா வயலில் இறங்கும் நிலையில் இல்லை, நான் ஒரே பெண், மேசை உத்தியோகம். அப்பா போய்விட்டால் கேஸே கிடையாது, ஒன்பது மாவும் தானாக மிராசிடம் போய்விடும். இது எனக்குத் தெரியும். மிராசுக்கும் தெரியாமல் இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பாவுக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். நேராகவே கேட்டுவிட்டார்.

"நான் போயிட்டா நெலம் உங்களுக்குத்தாங்க. எம்பொண்ணு வயல்ல எறங்குறவ இல்ல. இது தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியுங்க. எங்க வக்கீலு ஜெராக்ஸைப் பாத்துட்டு, பேசாம இருந்துடுங்கன்னாரு."

"பின்ன ஏங்க வந்தீங்க?"

மிராசுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க கேள்வி இது? கோர்ட்டுல ஜெயிச்சு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க உசுரோட இருக்கணும்."

"அப்ப நான் நூறு வயசு இருக்கணுமேங்க" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். பையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றாள். நான் கையை நீட்டினேன்.

"நீ வேணாம். நீ தப்பாப் படிப்ப" என்று சொல்லிவிட்டு, அப்பா பையை மிராசிடம் கொடுத்தார். "அசல் எல்லாம் இதுலதாங்க இருக்கு. பத்திரம்."

உள்ளே இரண்டு அடைப்பு என்று கண்டுபிடித்து, ஸ்டென்ட் வைத்து, அப்பாவை வெளியே தள்ளிக்கொண்டு வர மதியம் ஆகிவிட்டது. அதுவரை மிராசு அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், காபி குடிக்கக்கூட எழவில்லை. எதிரில் உட்கார்ந்து நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூட அதைப் பிரிக்கவில்லை.